மெல்பர்ன் கிறிஸ்மஸ்: எந்தக் கடற்கரை, எந்த நாளில் கிளம்புவது?

மெல்பர்னில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் செப்டம்பர் பிறந்ததுமே ஒரு பேச்சு தொடங்கிவிடும். இந்தக் கிறிஸ்மஸுக்கு எங்கே? டிசம்பர் 20-ஐ ஒட்டி மூடும் பள்ளிகள் ஜனவரிக் கடைசியில்தான் திறக்கும், அலுவலகத்தில் பாதிப் பேர் இரண்டு வாரம் இருக்க மாட்டார்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், பிள்ளைகள் கடல் கடல் என்று உயிரை எடுப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு இடத்தின் படத்தை அனுப்புவார்கள், எல்லாவற்றுக்கும் எல்லாரும் கட்டைவிரல் காட்டுவார்கள், முடிவு மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள். நவம்பரில் ஒருத்தர் விழித்துக்கொண்டு போன் போட்டால் நல்லதெல்லாம் போயிருக்கும்.

அதனால் வழக்கமாகப் பேச்சில் வரும் இடங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, யாருக்கு எது என்று எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்காதீர்கள், தண்ணீரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வண்டியில் வரும் ஆட்களில் சின்னக் குழந்தை யார், வயதானவர் யார், அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கடலில் கால் வைக்க முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, பண்டிகையையும் பயணத்தையும் ஒரே நாளில் போட்டுக் குழப்பாமல் இருப்பது.

தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவர்கள், "எங்களுக்கா கடல் சொல்லித் தருகிறாய்" என்பார்கள். மன்னார் வளைகுடா அமைதியான கடல், தீவுகள் காவல் நிற்கும் கடல். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் தெற்குக் கரை அப்படியில்லை, பாஸ் நீரிணையிலும் தெற்குப் பெருங்கடலிலும் கிளம்பிய அலை நேராக வந்து அறையும். கோடையிலும் தண்ணீர் 17, 18 டிகிரிதான், முழங்கால் நனைந்ததும் எலும்பு வரைக்கும் தெரியும். ஊரில் நீந்தியவர், கரையில் வளர்ந்தவர் என்ற தைரியம் இங்கே உதவாது.

சரி, இடங்களுக்கு வருவோம்.

மார்னிங்டன் தீபகற்பம்

இங்கே ஒரே நிலத்துக்கு இரண்டு கடல். வடக்குப் பக்கம் போர்ட் பிலிப் விரிகுடா, டிரோமானா, மெக்ரே, ரோஸ்பட், ரை என்று வரிசையாக ஊர்கள். தெற்குப் பக்கம், இங்கே பேக் பீச் என்பார்கள், கன்னமாட்டா, போர்ட்சீ என்று பெருங்கடலைப் பார்த்த கரைகள். இரண்டுக்கும் நடுவே காரில் பத்து நிமிடம்கூட இல்லாத இடங்கள் உண்டு, ஆனால் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 1967 டிசம்பர் 17 அன்று ஆஸ்திரேலியாவின் பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட் காணாமல் போனது போர்ட்சீக்கு அடுத்த செவியட் கடற்கரையில்தான், நீந்தப் போனவர் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. நீச்சலில் பழகிய மனிதர் அவர். (மெல்பர்னில் ஒரு நீச்சல் குளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள், இந்த நாட்டு நகைச்சுவை அப்படி.)

ரோஸ்பட் பக்கம் வந்தால் கதை வேறு. நூறு மீட்டர் உள்ளே நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர் வராத நாட்கள் உண்டு, மணல்திட்டு திட்டாகக் கிடக்கும், அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆழம் குறைவு என்பதால் வெயிலில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிடும். மூன்று வயதுக் குழந்தை உட்கார்ந்து விளையாடலாம், சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டி பேரனோடு நடக்கலாம். டீனேஜ் பையன் மட்டும் அரை மணி நேரத்தில் "இதெல்லாம் கடலா" என்று கேட்பான்.

நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்குள்தான். தென்கிழக்குப் புறநகர்களில், அதாவது நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் டாண்டினாங், கிரான்பர்ன் பக்கத்தில் இருந்தால் இன்னும் கிட்டே. ஆனால் நெடுஞ்சாலை ரோஸ்பட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ரை, சொரெண்டோ என்று போக வேண்டுமானால் கரையோரச் சாலையில் ஊர்ந்துதான் போக வேண்டும், டிசம்பர் 27 மதியம் அந்தச் சாலையில் நிற்பவர்களின் முகத்தில் பண்டிகைக் களை இருக்காது. எனக்குக் கேட்டால் ரோஸ்பட்டோடு நின்றுகொள்ளுங்கள், சொரெண்டோ பணக்காரர்களின் ஊர், பார்க்க ஒரு மாலை போதும். அங்கிருந்து குவீன்ஸ்கிளிஃபுக்கு ஃபெர்ரி போகிறது, முக்கால் மணி நேரத்துக்குள் அக்கரை. பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பயணம்.

தங்குவதற்கு வாடகை வீடு, கேரவன் பார்க் கேபின், டென்ட் என மூன்று வழி. கடலுக்கும் சாலைக்கும் நடுவே மரநிழலில் டென்ட் போடும் இடங்கள் ரோஸ்பட், ரை பக்கம் நகராட்சியிடமே இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் அதே பக்கத்து வீட்டுக்காரர்களோடு முகாம் போடும் குடும்பங்கள் அங்கே உண்டு. கோடையின் உச்ச நாட்களில் புதிதாக ஒருவர் நுழைவது கடினம், டிசம்பர் முதல் பாதியிலோ பிப்ரவரியிலோ முயன்று பார்க்கலாம். அப்பா அம்மாவை டென்ட்டில் படுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் மறுபடி ஒருமுறை யோசியுங்கள். இரவில் கழிப்பறைக்கு டார்ச் அடித்துக்கொண்டு நூறு மீட்டர் நடப்பது எழுபது வயதில் சாகசம் இல்லை, தொந்தரவு.

இரண்டு எச்சரிக்கை. பெருமழை பெய்து ஓய்ந்தால் ஓரிரு நாள் விரிகுடாவில் இறங்காமல் இருப்பது நல்லது, தெருவெல்லாம் கழுவிக்கொண்டு வடிகால் நீர் அங்கேதான் வந்து சேரும். சுற்றுச்சூழல் ஆணையம் கோடையில் ஒவ்வொரு கரைக்கும் தண்ணீர் எப்படி என்று முன்னறிவிப்புப் போடுகிறது, பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, நீல வளைய ஆக்டோபஸ். உள்ளங்கைக்குள் அடங்கும் உயிரினம், பாறை இடுக்கிலும் காலிச் சங்கிலும் ஒளிந்திருக்கும், கடி வலிக்காது ஆனால் மூச்சை நிறுத்திவிடும். சங்கு பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இதை முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

பிலிப் தீவு

பெங்குவின் என்றால் பிலிப் தீவு, இது எல்லாருக்கும் தெரியும். ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிப்போகாமல் அனுப்பினால் வருத்தப்படுவார்கள். டிசம்பரில் சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிவிடும், அதற்குப் பிறகுதான் குட்டிக் குட்டிப் பெங்குவின்கள் கடலிலிருந்து கரையேறி வளைக்குப் போகும். படம் எடுக்க அனுமதி இல்லை. மெல்பர்ன் திரும்பி வீட்டுக்கு வர நள்ளிரவு ஆகும், தூங்கும் குழந்தையையும் களைத்த பெரியவர்களையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டுவதற்கு பதில் அங்கேயே தங்குவதுதான் நியாயம். டிக்கெட் முன்பே வாங்க வேண்டும். கோடைதானே என்று மெல்லிய சட்டையில் போகாதீர்கள், அந்தக் காற்றில் கம்பளியே பத்தாது.

தங்குவதென்றால் கவ்ஸ். வடக்கு பார்த்த கரை, அமைதியான தண்ணீர், கடைத்தெரு நடக்கும் தூரம், பெரியவர்கள் மாலையில் துறைமேடை வரைக்கும் போய்வரலாம். தெற்குக் கரையில் வூலமாய், ஸ்மித்ஸ் பீச் என்று அலைச்சறுக்குக் கரைகள், வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே வேலை இருக்கும். ஒரே குடும்பத்தில் மூன்று வயதும் பதினேழு வயதும் இருந்தால் ரோஸ்பட்டைவிட இந்தத் தீவு பொருந்தும் என்பது என் கணக்கு, இரண்டு வகைக் கடலும் பதினைந்து நிமிடத் தூரத்தில்.

இங்கே ஒரு விஷயத்தை மெதுவாகக் கடந்துபோக முடியவில்லை. 2024 ஜனவரி 24 அன்று இதே தீவின் ஃபாரஸ்ட் கேவ்ஸ் கரையில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தினர் நான்கு பேர் மூழ்கி இறந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள். அந்தக் கரையில் உயிர்காப்பு வீரர்கள் காவல் இல்லை. மெல்பர்னில் இந்தியர் வீடு ஒவ்வொன்றிலும் சில நாள் இதே பேச்சாக இருந்தது, அடுத்த கோடையில் மறந்துவிட்டோம்.

சிவப்பு மஞ்சள் கொடி இரண்டுக்கும் நடுவில் மட்டும் குளி என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், வந்திறங்கிய நமக்குத்தான் தெரிவதில்லை. கொடி இல்லாத கரையில் எந்த இடம் ஆபத்தில்லாததாகத் தெரியுமோ பெரும்பாலும் அதுதான் ஆபத்தான இடம். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலை இல்லாமல் கருமையாகத் தண்ணீர் கிடந்தால், கரைக்கு வந்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது என்று பொருள். இதை ரிப் என்பார்கள். குழந்தைகளோடு போகிறவர் அலை குறைவாக இருக்கிறதே என்று சரியாக அங்கேதான் இறங்குவார். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும், தெம்பு இருந்தால் பக்கவாட்டில் நீந்தி உடையும் அலைப் பக்கம் வர வேண்டும். காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதுதான் ஒரு குடும்பத்தையே கொண்டுபோகிறது. மிதக்கிற எதையாவது, எஸ்கி எனும் ஐஸ்பெட்டியின் மூடியைக்கூட, தூக்கிப் போட்டுவிட்டு மூன்று சுழியம், அதாவது 000, அழையுங்கள்.

கிரேட் ஓஷன் ரோடு

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை மலையைக் குடைந்து போட்ட கடலோரச் சாலை. அழகைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, காலண்டரில் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு லோர்ன், ஆங்கிள்சீ, அப்போலோ பே மூன்றும் பேச்சில் வரும்.

என் கருத்து சற்றுக் கசப்பானது. ஊரிலிருந்து வந்த பெற்றோரை வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் ஒரு வாரம் தங்கப் போவது வேண்டாம். லோர்னுக்கு அப்புறம் வளைவுக்கு மேல் வளைவு, பின் இருக்கையில் யாராவது ஒருத்தர் நிச்சயம் வாந்தி எடுப்பார். தண்ணீர் குளிர்ச்சி. ஜனவரியில் லோர்னில் பியர் டு பப் என்ற 1.2 கிலோமீட்டர் நீச்சல் போட்டிக்கு ஊர் கொள்ளாத கூட்டம், கேட்ட வாடகை கொடுத்தாலும் வீடு கிடைக்காது. பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்க்க வேண்டுமானால் மார்ச்சிலோ ஏப்ரலிலோ உள்வழிச் சாலையில் போய்வாருங்கள், பன்னிரண்டு எங்கே என்று எண்ணிப் பார்க்கும் அப்பாவிடம் மீதி இருப்பது எட்டுதான் என்று முன்பே சொல்லிவிட்டால் நல்லது.

பெரிய பிள்ளைகள் மட்டும், அலைச்சறுக்குப் பழக வேண்டும், மலையேற வேண்டும், அருவி பார்க்க வேண்டும் என்றால் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள், இதைவிட நல்ல இடம் விக்டோரியாவில் இல்லை. ஆங்கிள்சீயில் ஆற்று முகத்துவாரம் இருக்கிறது, சின்னவர்களுக்கு அது போதும். சாலை தொடங்கும் டார்க்கீயிலேயே தங்கினால் வளைவுகள் இல்லை, நகரமும் தூரமில்லை, எல்லாக் கடையும் உண்டு, ஆனால் கிரேட் ஓஷன் ரோடில் தங்கினோம் என்ற பெருமை அரைக்கால்தான் கிடைக்கும்.

தீ. 2015 கிறிஸ்மஸ் அன்று லோர்னுக்கு அந்தப் பக்கம் வை ரிவர், செப்பரேஷன் கிரீக் என்ற இரண்டு சிற்றூர்களில் காட்டுத்தீ புகுந்து 116 வீடுகள் எரிந்தன. உயிரிழப்பு இல்லை, முன்கூட்டியே ஊரைக் காலி செய்தார்கள். கிறிஸ்மஸ் விருந்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரே சாலை என்றால் இதை மனத்தில் வைத்துத்தான் ஆக வேண்டும். விக்எமர்ஜென்சி என்ற அவசர எச்சரிக்கைச் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு, தங்கும் இடத்தைச் சுற்றிக் கண்காணிப்பு வட்டம் ஒன்று வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். தீ அபாயம் உச்சத்தில் என்று அறிவித்த நாளில் புறப்படாதீர்கள், அங்கே இருந்தால் காலையிலேயே வெளியே வந்துவிடுங்கள். பணம் போச்சே என்று கணக்குப் பார்க்கும் நாள் அதுவல்ல.

கோல்ட் கோஸ்ட்

இது வடக்கே குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிறது, அதனால் விமானச் செலவை முதலில் பேசிவிடலாம். ஆறு பேர் குடும்பம் டிசம்பர் கடைசி வாரம் பறந்து, அங்கே ஏழு பேர் அமரும் வண்டி வாடகைக்கு எடுத்து, இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் தங்கினால் ஆகும் செலவுக்கு ரோஸ்பட்டில் இரண்டு முறை இருந்துவிட்டு வரலாம். காரில் போகலாம் என்று சொல்லும் மச்சான் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. 1,700 கிலோமீட்டர், இரண்டு நாள், பிள்ளைகள் பின்னால். அவரையே ஓட்டச் சொல்லுங்கள்.

பணம் இருந்தால் என்ன கிடைக்கும்? தண்ணீர். 25 டிகிரி, நம் ஊர்க் கடல் மாதிரி இறங்கிய உடனே சுகம். மெல்பர்ன் கிறிஸ்மஸை நம்ப முடியாது, 2011 கிறிஸ்மஸ் அன்று மாலை இங்கே பெரிய பெரிய ஆலங்கட்டியாகக் கொட்டியது, 40 டிகிரி கொளுத்திய நாளும் உண்டு, ஸ்வெட்டர் போட்ட நாளும் உண்டு. குவீன்ஸ்லாந்தில் அந்தக் கவலை குறைவு, 28, 29 டிகிரி, புழுக்கம், மாலையில் இடிமழை. முழுக்கக் கவலை இல்லை என்று சொல்ல முடியாது, 2023 கிறிஸ்மஸ் இரவு அடித்த புயல்மழையில் கோல்ட் கோஸ்ட்டில் மரங்கள் விழுந்து ஏராளமான வீடுகள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன.

பெரியவர்களுக்கு இந்த இடம் பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு, யாரும் சொல்வதில்லை. குவீன்ஸ்லாந்தில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னால் தள்ளுவதில்லை, அதனால் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஊர்ப் பழக்கத்தில் நாலரைக்கு எழுந்து காப்பி தேடும் தாத்தா, ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போனால் அங்கே நடக்கிறவர், ஓடுகிறவர், நாயோடு வருகிறவர் என்று திருவிழாக் கூட்டம் இருக்கும். எட்டு மணிக்கு வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். மெல்பர்னில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சத்தைப் பார்த்து "எப்போதப்பா சாப்பிடுவது" என்று கேட்பவர்களுக்கு இது வரம். விமான நிலையம் மாநில எல்லையை ஒட்டியே இருக்கிறது, தெருவைத் தாண்டி நியூ சவுத் வேல்ஸ் போனால் ஒரு மணி நேரம் கூடிவிடும், பூசை நேரம் பார்க்கும்போது கவனம்.

சின்னவர்களோடு போனால் சர்ஃபர்ஸ் பாரடைஸின் உயர் கட்டடங்களுக்கு மயங்காமல் பர்லீ ஹெட்ஸ் பக்கம் தங்குங்கள், பக்கத்திலேயே டாலபட்ஜெரா ஓடை, கண்ணாடி மாதிரித் தண்ணீர், அலை இல்லை. தீம் பார்க்குகள் கிறிஸ்மஸ் அன்று மூடியிருக்கும். நீலக்குப்பி ஜெல்லிமீன் காற்று வீசும் நாட்களில் கரையொதுங்கும், கொட்டினால் பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் இருபது நிமிடம் வைக்க வேண்டும், வினிகர் ஊற்றக் கூடாது. அதுவே இன்னும் வடக்கே கெய்ன்ஸ், டவுன்ஸ்வில் பக்கம் போனால் வினிகர்தான் முதலுதவி, ஏனென்றால் அங்கே இருப்பது ஆளைக் கொல்லும் பெட்டி ஜெல்லிமீன். நவம்பரிலிருந்து மே வரை அதன் காலம். கிறிஸ்மஸில் கெய்ன்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான், மழைக்காலம் வேறு.

வில்சன்ஸ் புரொமான்ட்டரி, லேக்ஸ் என்ட்ரன்ஸ்

சுருக்கமாகவே சொல்கிறேன். வில்சன்ஸ் புரொமான்ட்டரியை இங்கே எல்லாரும் புரொம் என்பார்கள், விக்டோரியாவின் மிக அழகான கரை அது, மிதித்தால் கீச்சிடும் வெண்மணல், மாலையில் டென்ட்டைச் சுற்றி வரும் வாம்பட் என்ற குட்டை விலங்கு. ஆனால் கிறிஸ்மஸ் முதல் ஜனவரிக் கடைசி வரை டைடல் ரிவரில் தங்க ஆண்டின் நடுவிலேயே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும், விழுந்தால் யோகம். இந்த ஆண்டுக்கு இனி நேரமில்லை, அடுத்த ஆண்டுக்கு ஜூனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நாயை அழைத்துப்போக முடியாது.

லேக்ஸ் என்ட்ரன்ஸ் நான்கு மணி நேரம், ஏரிப் பக்கம் அமைதி, நடைபாலத்தைத் தாண்டினால் தொண்ணூறு மைல் கடற்கரை, மீன்பிடி ஊர் என்பதால் மீன் நன்றாக இருக்கும். மீன் பிடிக்கும் ஆசை உள்ள அப்பாக்களுக்கு இதுதான் இடம், மற்றவர்களுக்கு அவ்வளவு தூரம் ஓட்டுவதற்கான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்மஸ் வீட்டிலா, கரையிலா?

இடத்தைவிட இதில்தான் சண்டை அதிகம். மூன்று வழிகள். 24-க்கு முன்பே போய் அங்கேயே கொண்டாடுவது, வீட்டில் கொண்டாடிவிட்டு 26 அல்லது 27-ல் கிளம்புவது, கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் போய்விட்டு 23-ல் திரும்புவது.

இரண்டாவதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள், அதனால்தான் அது விலை அதிகம். 26-லிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை உச்சம். குறைந்தது ஐந்து இரவு, ஏழு இரவு என்று நிபந்தனை வைப்பார்கள், முன்பணம் திரும்பாது, எல்லாரும் ஒரே நாளில் சாலையில் இருப்பார்கள். மூன்றாவது வழி நம் ஆட்கள் அதிகம் யோசிக்காதது, எனக்குப் பிடித்தது. பள்ளி மூடிய மறுநாள் கிளம்பினால் நான்கு இரவு கிடைக்கும், கூட்டம் இன்னும் சேரவில்லை, வாடகை ஒரு படி குறைவு, திரும்பி வந்து கேக் வெட்டலாம். அலுவலகத்தில் விடுப்பு கேட்க வேண்டியிருக்கும், அதுதான் விலை. பள்ளி போகும் வயதில் பிள்ளைகள் இல்லையென்றால் எதையும் யோசிக்காமல் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள், அப்போதுதான் கடல் தண்ணீர் உண்மையில் சூடாக இருக்கும்.

கரையிலேயே கிறிஸ்மஸ் என்றால், கோயிலை முதலில் பாருங்கள். சின்ன ஊர்களில் 24 மாலையும் 25 காலையும் ஒன்றிரண்டு பூசையோடு முடிந்துவிடும், தமிழ்ப் பூசையோ ஆராதனையோ வேண்டுமென்றால் மெல்பர்னில்தான். நாகர்கோவிலில் நள்ளிரவுப் பூசை முடிந்து புதுத்துணியோடு வீட்டுக்கு நடந்துவந்த நினைவில் இருக்கும் அம்மாவை, முதல் ஆண்டே கேரவன் பார்க்கில் கிறிஸ்மஸ் கொண்டாட வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாம் முறை வரும்போது அவரே கேட்பார்.

அடுத்தது சாப்பாடு. 25-ஆம் தேதி பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் எல்லாம் மூடியிருக்கும். பெட்ரோல் பங்க்கில் ரொட்டியும் ஐஸ் பையும் கிடைக்கும், அவ்வளவுதான். கொத்தமல்லி மறந்தால் மறந்ததுதான். வாடகை வீட்டுச் சமையலறையில் பெரிய அண்டா இருக்காது, அடுப்பு மெதுவாகத்தான் எரியும், மீன் பொரித்த வாசனைக்குச் சுத்தம் செய்யும் கட்டணம் என்று தனியாகப் பிடித்த வீட்டுக்காரர்களும் உண்டு. அதனால் பிரியாணி ஆசையை வீட்டில் தீர்த்துக்கொண்டு கரையில் இந்த ஊர்ப் பாணிக்கு மாறுவது மேல். நம்மவர்கள் கேலி செய்யும் அந்தக் குளிர்ந்த மதிய விருந்து, 38 டிகிரி வெயிலில் எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அன்றைக்குத்தான் புரியும். வெந்த இறால், குளிர வைத்த ஹாம், உருளைக்கிழங்கு சாலட், பாவ்லோவா என்ற இனிப்பு, பெட்டியோடு வாங்கிய மாம்பழம், செர்ரி. வெந்த இறாலைக் குளிரக் குளிரச் சாப்பிட மனம் வராதவர்கள், பச்சை இறாலுக்கு மிளகும் மஞ்சளும் தடவி டப்பாவில் எடுத்துப்போய்ப் பூங்காவில் இருக்கும் மின்சார பார்பிக்யூ கல்லில் போடலாம். பெரும்பாலான கரையோரப் பூங்காக்களில் இது இலவசம், முடித்ததும் துடைத்து வைக்க வேண்டும், அடுத்தவர் வரிசையில் நிற்பார். ஹாம் முழுசாக வாங்கினால் தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் கலந்து நனைத்துப் பிழிந்த துணிப்பையில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக்கில் விட்டால் கொழகொழத்துவிடும்.

முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கல்கல் எல்லாம் பயணத்துக்கென்றே செய்தவை மாதிரி, வெயில் எதுவும் செய்யாது. ரிச் கேக்கை நவம்பரிலேயே செய்து பிராந்தி ஊட்டி வைத்துவிட்டால் டிசம்பரில் அடுப்பைத் தொட வேண்டாம். க்ரீம் கேக் மட்டும் காரில் வேண்டவே வேண்டாம்.

எடுத்துப்போகும் சாமான்களில் இரண்டைப் பற்றிச் சொன்னால் போதும். ஒன்று வெயில் காப்பு. நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே டிசம்பர் நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும், கறுத்த தோலும் பொசுங்கும், கண்ணும் கெடும். எஸ்.பி.எஃப் 50 களிம்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும், முழுக்கை ரேஷி என்ற நீச்சல் சட்டை, அகல விளிம்புத் தொப்பி. காலை பத்துக்குள்ளும் மாலை நாலரைக்கு மேலும் கடல், நடுவில் தூக்கம், இதைவிட நல்ல அட்டவணை இல்லை. இன்னொன்று நிழல்கூடாரம். இதை வாங்குவதில் தவறில்லை, ஆனால் விடிகாலையில் போய் நட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடுவது இருக்கிறதே, அது வேண்டாம். 2025 ஜனவரியில் இந்தச் சண்டை பெரிதாகி, பிரதமர் ஆன்டனி ஆல்பனீசே தொலைக்காட்சியில் அப்படி இடம் பிடிப்பது சரியில்லை என்று சொல்லும் அளவுக்குப் போனது. கடற்கரை எல்லாருக்கும் இலவசம் என்பதில் இந்த ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இந்த ஆண்டு எங்கள் வீட்டில் என் மாமனார் மாமியார், ஐந்து வயது, பன்னிரண்டு வயது என்று கணக்கு. கவ்ஸில் தரைத்தள வீடு, படியே இல்லாதது, டிசம்பர் 19 முதல் 23 வரை போட்டிருக்கிறோம். 24 இரவு பூசை, 25 வீட்டில் மட்டன் பிரியாணி, 26 சோபாவில் படுத்தபடி பாக்ஸிங் டே டெஸ்ட். கைக்குழந்தையோடு இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு ரோஸ்பட் சொல்லியிருக்கிறேன். ரோஸ்பட்டில் இல்லையென்றால் டிரோமானாவில் கேளுங்கள், இணையத்தில் இடமில்லை என்று காட்டினாலும் கேரவன் பார்க்குக்கு நேரே போன் செய்து ரத்தானால் கூப்பிடச் சொல்லி எண் கொடுத்து வையுங்கள். மீதித் தொகை கட்டும் கெடு நெருங்கும்போது சிலர் கழன்றுகொள்வார்கள், அப்போது நல்ல கேபின்களே காலியாகும்.